சாஃப்ரான் ஃபிஞ்ச் எந்தக் குடும்பம்? கேனரிக்கு அது சொந்தமா?

சேலம் அம்மாபேட்டையில் மாடியில் கூண்டு கட்டிக் கேனரி வளர்க்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது: "அண்ணா, தென்னமெரிக்காவின் சாஃப்ரான் ஃபிஞ்சைப் பழைய புத்தகம் பன்டிங் குடும்பத்தில் வைக்கிறது. புதிய பட்டியல் டேனஜர் என்கிறது. பெயரிலோ ஃபிஞ்ச் இருக்கிறது. எது சரி? என் கேனரியோடு அது ஜோடி சேருமா? ஏற்காட்டில் பார்க்கிற மஞ்சள் குருவிகளில் இந்த வகை ஏதாவது உண்டா?"

தம்பி, முதலில் நேரடியாகச் சொல்லிவிடுகிறேன். இன்றைய நிலையில் டேனஜர் என்பதுதான் சரி. சாஃப்ரான் ஃபிஞ்ச் 'சிகாலிஸ்' என்ற பேரினத்தைச் (நெருங்கிய இனங்களைச் சேர்த்த தொகுப்பு; பல பேரினங்கள் சேர்ந்தது ஒரு குடும்பம்) சேர்ந்தது. அந்தப் பேரினம் முழுக்க 'த்ரௌபிடே' என்னும் டேனஜர் குடும்பத்தில் இருக்கிறது. உங்கள் கேனரி 'ஃப்ரிஞ்சில்லிடே' என்னும் உண்மையான ஃபிஞ்ச் குடும்பம். இரண்டும் மஞ்சள், இரண்டுக்கும் தடித்த அலகு, இரண்டும் தானியம் தின்பவை. ஆனாலும் ஜோடி சேர்க்கும் யோசனையை விட்டுவிடுங்கள். ஏற்காட்டு மஞ்சள் குருவிகளில் சிகாலிஸும் கிடையாது, கேனரியின் நெருங்கிய உறவும் கிடையாது.

ஆனால் இதை மட்டும் சொன்னால், "அப்புறம் ஏன் இத்தனை காலம் வேறு மாதிரி எழுதினார்கள்?" என்று அடுத்த கேள்வி வரும். விஷயமே அதில்தான் இருக்கிறது.

தொடக்கத்தில் பறவைகளைப் பிரித்தவர்கள் கையில் இருந்தது பாடம் செய்த தோலும் அலகும் காலும்தான். 1766இல், உயிரினங்களுக்கு இரட்டைப் பெயர் வைக்கும் முறையை வகுத்த லின்னேயஸ் தன் நூலின் பன்னிரண்டாம் பதிப்பில் சாஃப்ரான் ஃபிஞ்சுக்கு 'ஃப்ரிஞ்சில்லா ஃப்ளாவியோலா' என்று பெயர் வைத்தார், அதாவது ஃபிஞ்சுகளோடு சேர்த்தார். சிகாலிஸ் பேரினத்தில் இன்று நாம் வைத்திருக்கும் இன்னொரு பறவை, புல்வெளி மஞ்சள் ஃபிஞ்ச். அதை 1789இல் ஸ்பார்மன் 'எம்பெரிசா' என்று பன்டிங்குகளோடு சேர்த்தார். கூடப் பிறந்தவை போன்ற இரண்டு பறவைகளை ஆளுக்கொரு வீட்டில் விட்டதாக ஆயிற்று. 1828இல் ஜெர்மானியரான ஃப்ரீட்ரிஷ் பொய்யே இவற்றுக்கென்று 'சிகாலிஸ்' என்ற தனிப் பேரினத்தை உருவாக்கினார். பேரினம் அன்றே சரியாகிவிட்டது. அதை எந்தக் குடும்பத்தில் வைப்பது என்பதற்குத்தான் இன்னும் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் தேவைப்பட்டது.

நம் ஊர்ப் பறவைகளுக்கும் இதே கதைதான். சேலத்து மூக்கனேரிப் பக்கம் கூடு கட்டும் தூக்கணாங்குருவிக்கு அதே 1766 பதிப்பில் லின்னேயஸ் வைத்த பெயர் 'லாக்ஸியா ஃபிலிப்பினா'. லாக்ஸியா என்றால் இன்று பைன் காய்களைப் பிளந்து விதை எடுக்கும், அலகு நுனிகள் குறுக்கே பின்னிய குளிர்நாட்டுப் பறவை. நம் வயல்களில் திரியும் புள்ளிச் சில்லையையும் அவர் லாக்ஸியா என்றே எழுதினார். தடித்த அலகு இருந்தால் எல்லாம் ஒரே கூடையில் போய் விழுந்த காலம் அது. இன்று தூக்கணாங்குருவி ஒரு குடும்பம், சில்லை வேறொரு குடும்பம், அலகு பின்னிய பறவை மூன்றாவது குடும்பம்.

இங்கே அலகைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்பது நல்லது. உங்கள் கேனரி தினையை உரிக்கும்போது கவனித்திருப்பீர்கள். விதையை வாயின் நடுவில் வைத்துக் கடிக்காது, ஓரத்துக்குத் தள்ளும். மேல் அலகின் உட்புறத்தில் நீளவாக்கில் ஒரு பள்ளம் இருக்கும். விதை அதில் உட்கார, கீழ் அலகின் கூர்மையான விளிம்பு பாக்குவெட்டி போல மேலெழுந்து தோலைப் பிளக்கும். நாக்கு விதையை உருட்டிக்கொடுக்கும், உமி வெளியே விழும். தானியம் தின்று பிழைக்க வேண்டிய சிறு பறவைக்கு இப்படி ஓர் அலகு மிகவும் உதவும். அதனால்தான் உலகின் பல மூலைகளில், தொடர்பே இல்லாத பறவைக் கூட்டங்களில், இது திரும்பத் திரும்ப உருவாகியிருக்கிறது. ஆப்பிரிக்கா, ஆசியாவில் தூக்கணாங்குருவிகளும் சில்லைகளும், வடக்கில் உண்மையான ஃபிஞ்சுகளும் பன்டிங்குகளும், தென்னமெரிக்காவில் டேனஜர்களில் ஒரு பகுதியும் இந்த அலகோடு வாழ்கின்றன. அலகு ஒரு பறவை என்ன தின்கிறது என்று சொல்லும். அதன் பாட்டன் யார் என்று சொல்லாது. தம்பி, என் பதிலில் நீங்கள் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதானால் அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

சரி, டி.என்.ஏ. வருவதற்கு முன் அலகை விட்டால் வேறு தடயமே இல்லையா? இருந்தது. இறக்கையின் நுனிப் பகுதியில் இருக்கும் பெரிய பறப்பிறகுகளை எண்ணிப் பார்த்தார்கள். தூக்கணாங்குருவிக்குப் பத்து. வெளியோரத்தில் இருப்பது சிறியதுதான், ஆனால் கண்ணுக்குத் தெரியும். ஃபிஞ்ச், பன்டிங், டேனஜர் மூன்றிலும் அந்தப் பத்தாவது இறகு ஒடுங்கி, மற்ற இறகுகளுக்கடியில் மறைந்து, ஒன்பது மட்டுமே வேலை செய்கிறது. ஆக, தூக்கணாங்குருவி வேறு கூட்டம் என்பது பழைய முறையிலேயே தெளிவாயிற்று. ஆனால் அந்த 'ஒன்பது இறகு'க் கூட்டத்துக்குள் யார் யாருக்கு நெருக்கம் என்பதுதான் தீராத சிக்கல். உலகப் பறவைகளைத் தொகுத்த பீட்டர்ஸ் பட்டியலில் 1970இல் வந்த பதின்மூன்றாம் தொகுதி, டேனஜர்களையே பன்டிங் குடும்பத்தின் ஒரு துணைக்குடும்பமாக வைத்தது. சிகாலிஸ் அதில் பன்டிங் பக்கம் இருந்தது. நீங்கள் படித்த பழைய புத்தகம் அந்த வழியில் வந்ததாக இருக்க வேண்டும். எழுதியவரைக் குறை சொல்ல முடியாது. அன்றைக்கு இருந்த சான்றுகளை வைத்து அவர் நியாயமாகத்தான் எழுதியிருக்கிறார்.

மரபணு வரிசைகளை ஒப்பிடும் வசதி வந்த பிறகு, டேனஜர் குடும்பத்தில் ஏறக்குறைய எல்லா இனங்களையும் சேர்த்து ஒரு பெரிய வம்ச மரம் 2014இல் வெளியானது. அதில் சிகாலிஸ் போய் உட்கார்ந்த இடம் அழகானது. 'டிக்ளோஸ்ஸினே' என்னும் துணைக்குடும்பம் அது. பெயருக்குக் காரணமான டிக்ளோஸ்ஸா பறவைகள் பெரும்பாலும் தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலையில் வாழ்பவை. மேல் அலகு நுனியில் கொக்கி போல வளைந்திருக்கும். பூவின் குழாயை அந்தக் கொக்கியால் பிடித்துக்கொண்டு, கீழ் அலகால் அடியில் துளை போட்டுத் தேனை உறிஞ்சிவிடும். மகரந்தம் சுமக்கும் வேலை பெரும்பாலும் கிடையாது. அந்தத் தேன் திருடனும், புல்விதை பொறுக்கும் சாஃப்ரான் ஃபிஞ்சும் ஒரே துணைக்குடும்பம்! அலகை வைத்துப் பார்த்தால் யாருக்கும் தோன்றாத உறவு இது. கலாபகோஸ் தீவுகளில் இருக்கும் 'டார்வின் ஃபிஞ்சுகள்' இருக்கின்றனவே, அவையும் இதே டேனஜர் குடும்பம்தான், துணைக்குடும்பம் மட்டும் வேறு.

போக்கு ஒரு வழி மட்டும் அல்ல. 'யூஃபோனியா' என்று மத்திய, தென்னமெரிக்காவில் குட்டைவால் பறவைகள் உண்டு. பலவற்றின் ஆண்களுக்கு முதுகு நீலக்கருமை, வயிறு பளிச்சென்ற மஞ்சள். பழம் தின்னும், குறிப்பாகப் புல்லுருவிப் பழம். நெடுங்காலம் டேனஜர் என்றே இருந்த அவை இப்போது உண்மையான ஃபிஞ்ச் குடும்பத்துக்கு வந்துவிட்டன.

இதையெல்லாம் ஒரே இடத்தில் பார்க்க வேண்டுமானால் ஹவாய்த் தீவுகளைச் சொல்வேன். தென்னமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த சாஃப்ரான் ஃபிஞ்ச் அங்கே புல்தரைகளில் மேய்கிறது. ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்த மஞ்சள் நெற்றிக் கேனரியும் இருக்கிறது. மலைக்காட்டுக்குள் 'அமாகிஹி' என்று தீவுக்கே உரிய ஒரு மஞ்சள் குருவி, வளைந்த மெல்லிய அலகால் பூவில் தேன் குடித்துக்கொண்டிருக்கும். நம் ஏற்காட்டுக்காரர் யாரைக் கேட்டாலும் முதல் இரண்டையும் ஒரு சாதி என்பார், அமாகிஹியைத் தேன்சிட்டு என்பார். வம்சப்படி பார்த்தால் அமாகிஹியும் கேனரியும்தான் ஒரே குடும்பம், ஃபிஞ்ச் குடும்பம். தடித்த அலகுள்ள சாஃப்ரான் ஃபிஞ்ச் வெளியாள். பல லட்சம் ஆண்டுகளுக்கு முன் ஆசியாவின் ரோஸ்ஃபிஞ்ச் வழிவந்த ஒரு கூட்டம் அந்தத் தீவுகளுக்குப் போய்ச் சேர்ந்து, தேன் குடிக்க, பட்டையைக் கொத்த, விதை உடைக்க என்று விதவிதமான அலகுகளோடு பிரிந்திருக்கிறது. அலகை நம்பினால் எவ்வளவு தூரம் ஏமாறலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரிந்து வேறில்லை.

சிகாலிஸ் பேரினத்துக்குள்ளே இன்று பதின்மூன்று இனங்களை ஏற்கிறார்கள். எல்லாவற்றையும் விவரிக்கப் போவதில்லை. சாஃப்ரான் ஃபிஞ்ச் சுமார் 14 செ.மீ. நீளம். வளர்ந்த ஆணுக்கு நெற்றியில் ஆரஞ்சு ஏறிய மஞ்சள் இருக்கும். இளசுகள் பழுப்பும் சாம்பலுமாகக் கோடு போட்டிருப்பதால் முதல் பார்வையில் வேறு பறவை என்றே தோன்றும். இது பொந்தில் கூடு வைக்கும். மண்ணால் அடுப்பு வடிவில் கூடு கட்டும் ஓவன்பேர்டு விட்டுப்போன கூட்டிலும் குடியேறிவிடும். ஆண்கள் இடத்துக்காக மூர்க்கமாகச் சண்டை போடுபவை. அந்தக் குணத்தைப் பயன்படுத்திப் பிரேசிலில் இவற்றைப் பந்தயம் கட்டிச் சண்டைக்கு விடும் வழக்கமும் இருந்திருக்கிறது. சேவல் கட்டைப் பார்த்து வளர்ந்த நம் பக்கத்துக்காரர்களுக்கு அது புரியும். ஆனால் இருபது கிராம் சுமாருக்கு உள்ள ஒரு குருவியை அப்படிச் செய்வதை என்னால் சகிக்க முடியவில்லை.

புல்வெளி மஞ்சள் ஃபிஞ்ச் மெக்சிகோவிலிருந்து அர்ஜென்டினா, சிலி வரை பரவியது. ஆண் வானத்தில் எழும்பி, இறக்கையை விறைத்துப் பாடிக்கொண்டே வானம்பாடி போல இறங்கும். ஆண்டிஸில் 4,000 மீட்டருக்கும் மேலே, நம் ஏற்காட்டுச் சேர்வராயன் கோவில் உச்சியைப் போல இரண்டரை மடங்கு உயரத்தில் வாழும் இனங்களும் உண்டு. பெருவின் மேற்குச் சரிவில் மட்டும் இருப்பது ரைமொண்டி மஞ்சள் ஃபிஞ்ச். பெரு, ஈக்வடார் கடற்கரை வறண்ட பகுதியில் இருப்பதோ கந்தக மஞ்சள் தொண்டையும் மற்றவற்றைவிடப் பருத்த அலகும் கொண்டது. இந்த அலகைப் பார்த்துத்தான் அதற்கு முன்பு 'நாத்தோஸ்பிஸா' என்று தனிப் பேரினமே கொடுத்திருந்தார்கள். மறுபடியும் அலகு செய்த வேலை!

இனி உங்கள் கேனரி. அதன் அறிவியல் பெயர் செரினஸ் கனாரியா. காட்டுக் கேனரி கனாரித் தீவுகள், அசோர்ஸ், மதீரா ஆகிய அட்லாண்டிக் தீவுகளுக்கு உரியது. உடம்பெல்லாம் எலுமிச்சை மஞ்சளாக இருக்காது. பச்சை கலந்த மஞ்சள், முதுகில் பழுப்புக் கோடுகள். உங்கள் கூண்டில் இருக்கும் முழு மஞ்சள், மனிதர் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்ததால் வந்தது.

செரினஸ் பேரினமும் கலைந்து அடுக்கப்பட்ட ஒன்றுதான். முன்பு ஆப்பிரிக்காவின் மஞ்சள் விதையுண்ணிகளையெல்லாம் அதில் போட்டு நாற்பதுக்கு மேற்பட்ட இனங்கள் என்றார்கள். 2012இல் ஃபிஞ்ச் குடும்பத்தின் மரபணு ஆய்வு வந்ததும் ஆப்பிரிக்க இனங்களில் பெரும்பாலானவை 'கிரித்தாக்ரா' என்ற பேரினத்துக்குப் பெயர்ந்தன. ஹவாய்க் கதையில் வந்த மஞ்சள் நெற்றிக் கேனரி அதில் ஒன்று. செரினஸில் இன்று எட்டே இனங்கள். அவற்றில் ஒன்று இந்தியாவிலேயே இருக்கிறது. லடாக், இமாச்சல் பக்கம் வாழும், நெற்றியில் நெருப்புத் துண்டு வைத்ததுபோல் சிவப்புள்ள செரின் அது. உங்கள் கேனரிக்கு இந்தியாவில் நெருங்கிய சொந்தம் யார் என்றால் அதுதான். அமெரிக்கக் கோல்ட்ஃபிஞ்ச் முன்பு 'கார்டூலிஸ்' பேரினத்தில் இருந்தது, இப்போது சிஸ்கின் என்னும் சிறு ஃபிஞ்சுகளோடு 'ஸ்பைனஸ்' பேரினத்தில் இருக்கிறது. குடும்பம் மாறவில்லை.

ஜோடி சேர்ப்பது பற்றி. கேனரியைச் சிஸ்கினோடும் கோல்ட்ஃபிஞ்சோடும் கலப்பது பழைய வழக்கம். பேரினம் வேறானாலும் குடும்பம் ஒன்று என்பதால் குஞ்சு வரும், ஆனால் பெரும்பாலும் அவை மலடு. கடைகளில் கிடைக்கும் சிவப்புக் கேனரியே அப்படி வந்ததுதான். வெனிசுவேலாவின் செஞ்சிஸ்கினோடு கேனரியைக் கலந்து, கலப்பில் பிறந்த ஆண்களில் இனம் பெருக்கக் கூடியவற்றைத் திரும்பக் கேனரியோடே சேர்த்து, 1920களில் ஜெர்மனியில் ஹான்ஸ் டுங்கர் என்ற பறவை ஆய்வாளர் தொடங்கிய வேலை அது. 2016இல் அந்தச் சிவப்புக்குக் காரணமான மரபணுவையும் கண்டுபிடித்தார்கள். பறவை தீனியில் வாங்கும் மஞ்சள் நிறமியைச் சிவப்பாக மாற்றும் நொதிக்கு உரியது அந்த மரபணு. அந்த ஆசையில் வலைவைத்துப் பிடித்துப் பிடித்தே செஞ்சிஸ்கின் காட்டில் அருகிப்போனது. இதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

நிறத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பறவையால் இந்த மஞ்சளைத் தன் உடலில் புதிதாக உண்டாக்க முடியாது. இலை, விதை, பழம், புழு வழியாக வரும் கரோட்டினாய்டு நிறமியை வாங்கி, சிலது அப்படியே, சிலது மாற்றி இறகில் சேர்க்கும். எல்லாப் பறவைக்கும் தீனியில் அது கிடைக்கிறது. அதனால் அலகைப் போலவே மஞ்சளும் பல குடும்பங்களில் தனித்தனியாகத் தோன்றியிருக்கிறது. உறவு சொல்ல மஞ்சளும் உதவாது.

ஏற்காட்டுக்கு வருவோம். காபித் தோட்டத்துச் சில்வர் ஓக் பூக்கும்போது கூட்டமாக வந்து சிணுங்கும் சின்னஞ்சிறு பச்சைமஞ்சள் பறவை வெள்ளைக்கண்ணி. கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் இருக்கும், தவிட்டுக்குருவிக் கூட்டத்துக்குக் கிட்டத்து உறவு. இலைகளுக்குள் புழு தேடும், இறக்கையில் வெள்ளைப் பட்டை போட்ட மஞ்சள் பறவை மாம்பழச்சிட்டு, அது தனிக் குடும்பம். அடிவாரத்து மாமரங்களில் மாங்குயில். குளிர்காலத்தில் ஓடையோரம் வாலை ஆட்டிக்கொண்டு ஓடும் மஞ்சள் வயிற்றுச் சாம்பல் வாலாட்டி, இந்தப் பட்டியலில் ஃபிஞ்சுகளுக்கு ஓரளவு நெருங்கியது. அப்புறம் நம் சேர்வராயன் மலைக்குப் பெருமை சேர்க்கும் மஞ்சள் தொண்டைச் சின்னான். பாறைச் சரிவுப் புதர்களில் மட்டும் இருக்கும், தென்னிந்தியாவைத் தவிர உலகில் வேறெங்கும் கிடையாது. மஞ்சள் என்று தேடி வருகிறவர்கள் இதைப் பார்க்காமல் மலை இறங்கக் கூடாது. இவை எவற்றுக்கும் விதை உடைக்கும் அலகில்லை.

மழைக்காலத்தில் கீழே ஏரிகளில் தலையும் மார்பும் மஞ்சளாகும் ஆண் தூக்கணாங்குருவிக்கு அலகும் தடிப்பு. சாஃப்ரான் ஃபிஞ்சின் படத்தைக் காட்டினால் சேலத்தில் பலரும் சொல்லக்கூடிய பெயர் இதுதான். குடும்பம் வேறு என்பதை மேலே பார்த்தோம்.

கடையில் யாராவது "பிரேசில் மஞ்சள் ஃபிஞ்ச்" என்று விலை சொன்னால் அவசரப்படாதீர்கள். சில்லைக்குச் சாயம் ஏற்றி விற்பது நம் நாட்டில் பழைய மோசடி. மார்பு இறகை மெல்ல ஊதி விலக்கிப் பாருங்கள். சாயம் தோலிலும் காலிலும் அலகின் ஓரத்திலும் ஒட்டியிருக்கும், மஞ்சள் திட்டுத்திட்டாக இருக்கும், நீலச்சாம்பல் அலகு காட்டிக்கொடுக்கும். சில்லை, தூக்கணாங்குருவி எதையும் பிடிப்பதும் விற்பதும் வளர்ப்பதும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வாங்கினால் நீங்களும் மாட்டுவீர்கள்.

உங்கள் குறிப்பேட்டில் இதன் பெயரை எப்படி எழுதுவது என்றும் சொல்லிவிடுகிறேன். 'சிகாலிஸ் ஃப்ளாவியோலா (லின்னேயஸ், 1766), குடும்பம் த்ரௌபிடே' என்று எழுதுங்கள். பெயர் வைத்தவர் அடைப்புக்குறிக்குள் இருந்தால், அவர் வைத்த பேரினம் பிறகு மாறிவிட்டது என்று பொருள். அடைப்பு இல்லையென்றால் அன்று வைத்த பேரினமே இன்றும் நிற்கிறது. இது ஒன்றைத் தெரிந்துகொண்டாலே பட்டியலில் பாதி வரலாறு படிக்கக் கிடைக்கும். வெவ்வேறு பட்டியல்கள் வெவ்வேறாகச் சொல்லும் குழப்பத்துக்காக 2025இல் 'ஏவிலிஸ்ட்' என்ற ஒருங்கிணைந்த உலகப் பட்டியல் வந்திருக்கிறது. அதையே பின்பற்றுங்கள்.

உண்மையான ஃபிஞ்ச் ஒன்றைக் காட்டில் பார்க்கும் ஆசை இருந்தால் டிசம்பர், ஜனவரியில் மலைக்கு வாருங்கள். வடக்கிலிருந்து குளிர்காலத்தில் தென்னிந்திய மலைகளுக்கு வருவது ரோஸ்ஃபிஞ்ச். ஹவாய் அமாகிஹியின் ஆசியச் சொந்தம் என்று சொன்னேனே, அந்தக் கூட்டம். உண்ணிப்புதர், மூங்கில், புல் விதை இருக்கும் இடங்களில் தேடுங்கள். ஆணுக்குத் தலையும் மார்பும் சிவப்பு. பெண்ணைப் பார்த்தால் பெண் ஊர்க்குருவி என்று விட்டுவிடத் தோன்றும். மார்பில் மங்கிய கோடுகள், உருண்டு தடித்த அலகு, நுனி பிளந்த வால், முகத்தில் கருமணி போல் தனித்துத் தெரியும் கண், இந்த நான்கையும் சேர்த்துப் பார்த்தால் தப்பாது.